நீங்க இல்லாதப்போ மீன் என்ன பண்ணுது? தொட்டிக்கு கேமரா வெச்சுப் பாக்குறதைப் பத்தி கொஞ்சம்

மீன் தொட்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு நெனப்பு உண்டு, நம்ம மீனைப் பத்தி நமக்குத் தெரியாதது என்ன இருக்குன்னு. எனக்கும் இருந்துச்சு. மூணடி தொட்டி, சென்னை கொளத்தூர்ல வாங்குன ஒரு ஜோடி ஏஞ்சல், கொஞ்சம் மோலி, கண்ணாடியில ஒட்டிக்கிட்டு பாசி மேயுற ஒரு சக்கர். தினமும் ஆபீஸ் விட்டு வந்து அரை மணி நேரம் அதுக்கு முன்னாடி உக்காந்தாதான் எனக்கு டீயே இறங்கும். அந்த ஏஞ்சல் ஜோடி மூணு தடவை முட்டை போட்டுச்சு, மூணு தடவையும் காலையில எழுந்து பாத்தா இலை துணி போட்டு துடைச்ச மாதிரி பளிச்சுனு இருக்கு. ராத்திரியில மேயுறது சக்கர்தானே, அப்போ திருடன் அதுதான்னு தீர்ப்பு எழுதி அதைத் தூக்கி தனி டப்பால போட்டேன். நாலாவது தடவையும் முட்டை போச்சு.

அதுக்கு அப்புறம்தான் கேமரா வெச்சேன். திருடன் மாட்டுன கதையை பின்னாடி சொல்றேன், அதுக்கு முன்னாடி இந்த கேமரா விஷயமே எதுக்குன்னு பாத்துடலாம், ஏன்னா நிறைய பேர் இதை அழகா வீடியோ எடுக்குற சமாச்சாரம்னு நெனைக்கிறாங்க, இது அது இல்ல.

நீங்க தொட்டி முன்னாடி போய் நின்ன உடனே மீன் எல்லாம் முன் கண்ணாடிக்கு ஓடி வருதுல்ல, அது உங்க மேல இருக்குற பாசம்னு வேணா வெச்சுக்கலாம், ஆனா அடிப்படையில அது தீனிக்கான எதிர்பார்ப்பு. உங்க உருவம் வந்தா சாப்பாடு வரும்னு கத்துக்கிச்சு. புதுசா வந்த மீனா இருந்தா தலைகீழ், உங்களைப் பாத்ததும் செடிக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். ரெண்டுலயுமே நீங்க பாக்குறது, நீங்க எதிர்ல நிக்குறப்போ மீன் என்ன பண்ணுதுங்கிறதை மட்டும்தான். நீங்க இல்லாத மிச்ச இருபத்து மூணரை மணி நேரம் என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. கேமராவோட வேலை அதுதான், உங்களை அந்த இடத்துல இருந்து வெளிய எடுக்குறது.

மீன் தொட்டிக்கு வெளிய இருக்குறதை எவ்வளவு கவனிக்கும்னா, டின்பெர்கன்னு ஒரு டச்சு விஞ்ஞானி இருந்தார், விலங்குகளோட நடத்தையை ஆராய்ஞ்சதுக்காக 1973-ல இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து நோபல் வாங்குனவர். நெதர்லாந்துல லெய்டன்ங்கிற ஊர்ல ஜன்னல் ஓரமா அவர் வெச்சிருந்த தொட்டியில ஸ்டிக்கிள்பேக்னு ஒரு வகை சின்ன மீன், இனப்பெருக்க சமயத்துல அதுல ஆணுக்கு வயித்துப் பக்கம் செவப்பாயிடும், இன்னொரு செவப்பு ஆணைக் கண்டா சண்டைக்குப் போகும். தெருவுல செவப்பு கலர் தபால் வண்டி போறப்பெல்லாம் இந்த ஆண் மீனுங்க ஜன்னல் பக்கம் திரும்பி வண்டியை மிரட்டுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். வண்டிக்கே அப்படின்னா, செவப்பு சட்டை போட்டுக்கிட்டு அரை அடி தூரத்துல மூஞ்சியை வெச்சுப் பாக்குற நம்மளை என்னன்னு நெனைக்கும் பாருங்க.

சரி, என்ன கேமரா வாங்குறது? முதல்ல எதுவும் வாங்காதீங்க. டிராயர்ல தூங்குற பழைய போன் போதும். ஒரு ஸ்டாண்ட்ல வெச்சு, சார்ஜர் சொருகி, ரெக்கார்ட் ஆன் பண்ணிட்டு ரூமை விட்டு வெளிய போயிடுங்க. முதல் பத்து பதினஞ்சு நிமிஷத்தை கணக்குல எடுக்காதீங்க, ஏன்னா மீனுக்கு அந்த போனே ஒரு புது பொருள், பழக கொஞ்சம் நேரம் ஆகும். அதே மாதிரிதான் இடம் புதுசா இருந்தாலும். கடையில ஜீப்ரான்னு சொல்லி விக்கிறாங்களே, கோடு போட்ட சின்ன மீன், நம்ம நாட்டு வயல்லயும் ஓடையிலயும் இருக்குற மீன்தான் அது, இன்னைக்கு உலகம் பூரா லேப்ல அதை வெச்சு ஆராய்ச்சி நடக்குது. அதைப் புது தொட்டியில விட்டா முதல்ல அடியிலயே கிடக்கும், பயம் தெளியத் தெளிய மெதுவா மேல வரும். எத்தனை நேரம் அடியில இருந்துச்சுங்கிறதை வீடியோவுல அளந்து, அதை மீனோட பயத்துக்கு ஒரு அளவா வெச்சிருக்காங்க. அதனால கடையில இருந்து வந்த அன்னைக்கே வீடியோ எடுத்துட்டு என் மீன் சோம்பேறின்னு முடிவு கட்டாதீங்க.

போன்ல முதல்ல கடுப்பேத்துறது ஃபோகஸ். மீன் கண்ணாடி கிட்ட வந்தா அதுக்கு ஓடும், போனதும் கண்ணாடியில ஒட்டியிருக்குற பாசியைப் பிடிச்சுக்கும், அப்புறம் பின்னாடி செடிக்குப் போகும், வீடியோ பூரா மூச்சு வாங்குற மாதிரி மங்கி மங்கித் தெளியும். ஸ்க்ரீன்ல மீன் அதிகமா நடமாடுற இடத்தைத் தொட்டு அப்படியே விரலை அழுத்திப் பிடிச்சா நிறைய போன்ல ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆயிடும். வைஃபை கேமரான்னா ஃபோகஸை மாத்தவே முடியாது பெரும்பாலும், ரூமைப் பாக்குறதுக்காக செஞ்சது அது, ரொம்ப கிட்ட வெச்சா எல்லாம் மங்கலாதான் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி தள்ளிப் பாருங்க.

அடுத்தது கண்ணாடி. என் முதல் வீடியோவுல மீனை விட ஹால்தான் தெளிவா தெரிஞ்சுது, ஃபேன், டிவி, அம்மா துணி மடிக்கிறது எல்லாம். இதுக்கு ஃபில்டர் எல்லாம் தேட வேண்டாம், லென்ஸ் முன்னாடி மாட்டி பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசிங் ஃபில்டர் கூட கேமரா சாய்வா பாக்குறப்போதான் உதவும், நேரா பாத்தா பிரயோஜனம் இல்ல. தொட்டிக்குள்ள லைட் எரியணும், ரூம்ல லைட் அணைஞ்சிருக்கணும், அவ்வளவுதான் சூத்திரம். அது முடியலன்னா ஒரு கருப்புத் துணியில ஓட்டை போட்டு லென்ஸை மட்டும் அது வழியா நீட்டுங்க, அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோ மாதிரி இருக்கும், வீட்ல சிரிப்பாங்க, ஆனா படம் சுத்தமா வரும். இன்னொண்ணு, தொட்டியோட மூலை தெரியுற மாதிரி சாய்வா வெச்சுடாதீங்க. முன் கண்ணாடி வழியா ஒரு தடவை, பக்கக் கண்ணாடி வழியா ஒரு தடவைன்னு ஒரே மீன் ரெண்டா தெரியும். தண்ணி மேல்மட்டமும் கீழ இருந்து பாத்தா முகம் பாக்குற கண்ணாடிதான். ஆறு மோலியை எட்டுன்னு எண்ணிட்டு குட்டி போட்டுடுச்சுன்னு குதிச்சவன் நான், அதனால சொல்றேன். தூரமும் ஏமாத்தும், தண்ணியில ஒளி வளையுறதால 40 செண்டிமீட்டர் ஆழம் வெளியில இருந்து நேரா பாக்குறவனுக்கு ஏறக்குறைய 30 மாதிரிதான் இருக்கும். மீனோட நீளம் கீளம் அளக்கணும்னா ஸ்கேலை தண்ணிக்குள்ள, மீன் நீந்துற அதே தூரத்துல வெச்சு ஒரு படம் எடுத்துக்கோங்க, வெளிய கண்ணாடி மேல வெச்சு அளந்தா கணக்கு தப்பும்.

வீடியோவுல பட்டை பட்டையா கோடு ஓடுச்சுன்னா பயப்பட வேண்டாம், தொட்டி லைட் சிமிட்டுறதுதான் அது. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால கேமரா செட்டிங்ல ஃப்ளிக்கர்னு இருக்குற இடத்துல 50-ஐத் தேர்ந்தெடுத்தா பெரும்பாலும் சரியாயிடும்.

வேகம் பத்தி ஒரு வார்த்தை. சாதாரண வீடியோ செகண்டுக்கு 30 படம், அதாவது ரெண்டு படத்துக்கு நடுவுல 33 மில்லிசெகண்ட் இடைவெளி. மீன் சுத்துறது, துரத்துறது, ஒளியுறது பாக்க இது தாராளம். ஆனா வாயைத் திறந்து தீனியை தண்ணியோட உறிஞ்சுதே, அது அந்த இடைவெளிக்குள்ளேயே முடிஞ்சு போகலாம், ஒரு படத்துல தீனி இருக்கும், அடுத்த படத்துல இருக்காது, மாயாஜாலம் மாதிரி. அதுக்கு போன்ல இருக்குற ஸ்லோமோஷன், 240 படம். அதுக்கு வெளிச்சம் நிறைய வேணும். ராத்திரி பூரா என்ன நடக்குதுன்னு பாக்க இதுக்கு நேர் எதிர், டைம்லாப்ஸ். பத்து செகண்டுக்கு ஒரு படம்னு எட்டு மணி நேரம் எடுத்தா 2880 படம், செகண்டுக்கு 24 வீதம் ஓட்டுனா ரெண்டே நிமிஷம். பல் விளக்குறதுக்குள்ள ஒரு ராத்திரியைப் பாத்து முடிச்சுடலாம்.

இப்போ ராத்திரி. இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, நிறைய பேர் கோட்டை விடுறதும் இங்கதான். லைட் போட்டா மீன் முழிச்சுக்கும், போடலன்னா கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால நைட் விஷன் இருக்குற வைஃபை கேமரா, அது அகச்சிவப்பு ஒளியில பாக்கும், ஐஆர்னு சொல்றாங்களே அது. நம்ம தொட்டியில இருக்குற பெரும்பாலான மீனுக்கு அந்த வெளிச்சம் தெரியாது, நமக்கும் தெரியாது. ஜீப்ரா மீன் தூங்குதுன்னு நிரூபிச்சதே இப்படி இருட்டுல ஐஆர் கேமராவுல பாத்துதான். பெரும்பாலான மீனுக்கு இமை கிடையாது, கண்ணைத் திறந்தபடியே தூங்கும், ஒரே இடத்துல அசையாம நிக்கிறதும், லேசா தொந்தரவு பண்ணா சட்டுனு பதில் சொல்லாததும்தான் அடையாளம்.

ஆனா கேமராவை அப்படியே தொட்டி முன்னாடி வெச்சா ஒரு வெள்ளை உருண்டைதான் தெரியும், கேமராவோட சொந்த ஐஆர் பல்பு கண்ணாடியில பட்டு திரும்பி அதோட கண்ணுலயே அடிக்குது. அந்த பல்புகளை ஆப்ல அணைக்க முடிஞ்சா அணைங்க, முடியலன்னா கருப்பு டேப் ஒட்டுங்க, தனியா ஒரு ஐஆர் லைட் வாங்கி தொட்டிக்கு மேலயோ பின்னாடியோ வைங்க. பின்னாடி வெச்சு நடுவுல பட்டர் பேப்பர் ஒட்டுனா மீன் நிழலுருவமா அவ்வளவு தெளிவா தெரியும். வாங்குறப்போ 850-ஆ 940-ஆன்னு பாருங்க, அது நானோமீட்டர் கணக்கு. 940 நல்லது, செவப்பா மினுங்காதுன்னு கடைக்காரர் சொல்வார், ரூமுக்கு அது சரிதான், ஆனா தண்ணி 940-ஐ குடிச்சுடும், ஒரு அடி போறதுக்குள்ள கிட்டத்தட்ட ஒண்ணும் மிஞ்சாது. தொட்டிக்கு 850தான். நான் முதல்ல 940 வாங்கி, லைட் ரிப்பேர்னு நெனைச்சு மாத்தி, மாத்துனதும் அதே மாதிரி இருட்டா இருந்து, அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது.

மோஷன் டிடெக்‌ஷனை நம்பாதீங்க, ஏர் பம்ப்போட முனையில இருக்குற ஏர் ஸ்டோன் காத்துக் குமிழி விட்டுக்கிட்டே இருக்கும், கேமரா ராத்திரி பூரா உங்க போனுக்கு அசைவு அசைவுன்னு மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருக்கும். தொடர்ந்து ரெக்கார்ட் பண்ணுங்க. செகண்டுக்கு 2 மெகாபிட்னு வெச்சா மணிக்கு 900 எம்பி, நாளுக்கு 21 ஜிபிக்கு மேல, 64 ஜிபி கார்டு மூணு நாள் கூட தாங்காது. பழசை அழிச்சு எழுதுற லூப் ஆப்ஷனை ஆன் பண்ணி வைங்க. பாஸ்வேர்டையும் மாத்துங்க, தொட்டியைப் பாக்குற கேமரா கண்ணாடியில உங்க ஹாலையும் பாத்துக்கிட்டுதான் இருக்கும்.

இப்போ திருடன். அஞ்சாவது தடவை முட்டை வந்த ராத்திரி எல்லாம் தயார். வீடியோவுல ஒரு ஏஞ்சல் முட்டைக்கு விசிறி வீசுது, நெஞ்சுத் துடுப்பால, விடாம. இன்னொண்ணு ஒரு சாண் தள்ளி காவல். நடுநடுவுல இடம் மாத்திக்குதுங்க. வெள்ளையா கெட்டுப்போன முட்டையை மட்டும் பொறுக்கி எடுக்குது. மணி 1.10 வரைக்கும் இதேதான். அப்போ படம் திடீர்னு வெளுத்துப் போகுது. ரெண்டு ஏஞ்சலும் விசுக்குனு பாஞ்சு கண்ணாடியில மோதுதுங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு வெளுப்பு போகுது. அரை மணி கழிச்சு ஒண்ணு மட்டும் இலைக்குத் திரும்பி வருது, ஒரு முட்டையை எடுக்குது, இன்னொண்ணை எடுக்குது, அப்புறம் வரிசையா மொத்தத்தையும் சாப்பிட்டு முடிக்குது. அந்த வெளுப்பு ஒரு போன் டார்ச். அதைப் பிடிச்சுக்கிட்டு முட்டை பத்திரமா இருக்கான்னு பாக்க வந்த ஆள் நான்.

முந்தின நாலு தடவையும் இதேதான் பண்ணியிருந்தேன், தூக்கத்துல எழுந்து தண்ணி குடிக்கப் போறப்போ ஒரு டார்ச் அடிச்சுப் பாக்குறது. ஆனா ஒரு ராத்திரி வீடியோவை வெச்சு இதுதான் காரணம்னு சொல்லிட முடியாது, ஏஞ்சல் முதல் சில ஈடு முட்டைகளைத் தின்னுறது சகஜம்னு வளக்குறவங்க எல்லாருக்கும் தெரியும். அடுத்த தடவை டார்ச்சை விட்டேன், கூடவே ரூம்ல ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பும் போட்டு வெச்சேன். மூணாம் நாள் இலையில குட்டிங்க வாலை ஆட்டிக்கிட்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இதுல நான் பண்ண தப்பு, ரெண்டு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்துனது. டார்ச் இல்லாததா, பல்பு இருந்ததா, இல்ல அந்த ஜோடிக்கே அனுபவம் வந்துடுச்சா, இன்னைக்கு வரைக்கும் எனக்கு சொல்லத் தெரியாது. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.

அதே கேமரா இன்னொண்ணையும் காட்டுச்சு. விடியக்காலை நாலரை, அஞ்சு மணிக்கு மோலி எல்லாம் தண்ணி மேல வந்து வாயை வாயைத் திறக்குது. காரணம் எளிசு, செடி பகல்ல ஆக்சிஜன் தரும், ராத்திரியில அதுவும் மீனோட சேர்ந்து மூச்சு விட்டு ஆக்சிஜனை எடுத்துக்கும், அதனால விடியிறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் தண்ணியில ஆக்சிஜன் ரொம்பக் குறைவா இருக்கும். எங்க வீட்ல கூடவே அப்பா ஏர் பம்ப் சத்தம் தூங்க விடலன்னு பத்து மணிக்கு சுவிட்சை அணைச்சுடுவார், காலையில எழுந்ததும் போட்டுடுவார், எனக்கு சொல்லவே இல்ல. நான் எழுந்து பாக்குறப்போ எல்லாம் நார்மல். எப்பவாவது ஒரு மோலி செத்துக் கிடக்கும், தண்ணி சரியில்லன்னு தண்ணியை மாத்திக்கிட்டே இருந்தேன். இங்க ஒரு எச்சரிக்கை, மேல வந்து மூச்சு வாங்குற எல்லா மீனும் கஷ்டத்துல இல்ல. ஃபைட்டரும் கௌராமியும் காத்தை நேரா சுவாசிக்கிற உறுப்பு உள்ளதுங்க, அடியில மேயுற கோரிடோராஸ் மீன் கூட அப்பப்போ விர்ருனு மேல போய் ஒரு வாய் காத்து எடுத்துட்டு வரும். அதுங்களுக்கு அது வழக்கம். மோலி கூட்டமா மேலயே தொங்குனா அது வேற.

இதனாலதான் வீடியோ எடுக்குறதை விட அதைப் பாக்குற விதம் முக்கியம்னு சொல்றது. முதல்ல ஒரு நோட்ல உங்க மீன் பண்ற காரியங்களை பட்டியல் போடுங்க, ஆராய்ச்சிக்காரங்க இதை எத்தோகிராம்னு சொல்வாங்க. துரத்துறது, கடிக்கிறது, துடுப்பை விரிக்கிறது, அடியில படுக்குறது, கல்லுல உரசுறது, மேல வாய் திறக்குறது. கண்ணுக்குத் தெரியுறதை மட்டும் எழுதணும். கோவமா இருக்கு, சோகமா இருக்குன்னு எழுதக் கூடாது, அது உங்க யூகம். காலையில லைட் போட்ட உடனே ஜீப்ரா ஒண்ணை ஒண்ணு துரத்துனா சண்டைன்னு எழுதத் தோணும், ஆனா அது முட்டை போடுறதே விடியல் வெளிச்சத்துலதான், அந்தத் துரத்தல் வேற கதையா இருக்கலாம். உரசுறதும் அப்படித்தான், பொதுவா வெள்ளைப்புள்ளி நோய் மாதிரி ஒட்டுண்ணி வந்தா உடம்பு அரிச்சு உரசும். ஆனா 2019-ல ஜப்பான்ல கோடாங்கிறவரும் அவர் குழுவும் கிளீனர் ராஸ்னு ஒரு கடல் மீனுக்கு தொண்டையில ஒரு பழுப்புப் புள்ளி வெச்சு முகம் பாக்குற கண்ணாடியைக் காட்டுனாங்க, மீன் கண்ணாடியில பாத்துட்டு தொண்டையைத் தரையில உரசுச்சு. கண்ணாடி இல்லாதப்போ உரசல, நிறமில்லாத புள்ளி வெச்சப்பவும் உரசல. தன்னையே அடையாளம் தெரிஞ்சுக்குதான்னு இன்னமும் வாக்குவாதம் நடக்குது, ஆனா சண்டை போடுற ரெண்டு பக்கமும் கையில வெச்சிருக்குறது எப்போ, எங்க, எத்தனை தடவை உரசுச்சுங்கிற கணக்கைத்தான்.

எண்ணுறதுக்கு ரெண்டு வழி போதும் ஆரம்பத்துல. ஒரே ஒரு மீனை மட்டும் பத்து நிமிஷம் விடாம பாத்து அது பண்றதை எல்லாம் குறிக்கிறது ஒண்ணு. நிமிஷத்துக்கு ஒரு தடவை வீடியோவை நிறுத்தி எந்த மீன் மேல, எது நடுவுல, எது அடியிலன்னு கோடு போட்டுக்கிட்டே போறது இன்னொண்ணு. எல்லாத்தையும் பாத்து கண்ணுல பட்டதை எழுதுனா பெரிய மீனும் சண்டைக்கார மீனும்தான் நோட்ல நிறையும், மூலையில பட்டினி கிடக்குற மீன் அதுல வராது.

சாஃப்ட்வேர் வேணும்னா போரிஸ்னு ஒண்ணு இலவசமா கிடைக்குது, வீடியோ ஓட ஓட துரத்துனா ஒரு கீ, உரசுனா ஒரு கீன்னு தட்டுனா நேரத்தோட பதிஞ்சு வெச்சுக்கும். மீனைத் தானா பின்தொடர ஐடி ட்ராக்கர், டீப்லேப்கட் மாதிரி சாஃப்ட்வேரும் இருக்கு. இப்படி தானா பின்தொடர்றதுல பழைய, எளிய முறை ஒண்ணு சுவாரசியமானது. நிறைய படத்தை எடுத்து சராசரி பண்ணா, நகர்ந்துக்கிட்டே இருக்குற மீன் எல்லாம் கரைஞ்சு வெறும் தொட்டிப் படம் ஒண்ணு கிடைக்கும், அதை ஒவ்வொரு படத்துல இருந்தும் கழிச்சா மிஞ்சுறது மீன் மட்டும். அசையாம கிடக்குற சக்கர் இந்த முறையில கல்லோட கல்லா காணாம போயிடும், அது தனி கூத்து.

சக்கரை திரும்ப தொட்டியிலயே விட்டாச்சு, ஒரு மன்னிப்போட. போன வாரம் திரும்பவும் முட்டை. ராத்திரி பதினொண்ணுல இருந்து நோட்டும் கையுமா எண்ணுனேன், மறுநாள் காலையில, வீடியோவுலதான். சக்கர் முட்டை இருக்குற இலை பக்கம் ஒரு மணி நேரத்துல 9 தடவை வந்துச்சு, 9 தடவையும் ஏஞ்சல் துரத்தி விட்டுச்சு. என் சந்தேகம் முழுசா தப்பில்ல போல. பத்தாவது தடவை சக்கர் மெதுவா இலைக்கு அடியில ஏறுது, காவல் ஏஞ்சல் அந்தப் பக்கம் திரும்பி நிக்குது, அதோட வீடியோ நின்னுடுச்சு. கார்டு ஃபுல். உங்களுக்கெல்லாம் சொன்ன அந்த லூப் ஆப்ஷனை நான் ஆன் பண்ணல.